படம் இருக்கிறது, இசைப்பிரதி எங்கே?
பழைய திரைப்பட இசையின் மீள் ஒலிப்பதிவுகள் பற்றிய ஓர் அறிமுகம்

கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் கட்டி, அதை ரயிலோடு வெடிக்க வைத்துப் படமாக்கிய கதை எம்மவர்க்குப் புதிதல்ல. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. அவற்றுள் ஒன்று இசைக்கானது. அதைப் பெற்றவர் மல்கம் ஆர்னல்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர். ஆனால் அந்தப் படத்தின் இசை எதுவென்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உடனே உதட்டைக் குவித்துச் சீழ்க்கையடிப்பார்கள். அந்தச் சீழ்க்கை மெட்டு ஆர்னல்டுடையதே அல்ல! அது 'கேணல் போகி' என்ற அணிநடை. ரிக்கெட்ஸ் என்ற பிரித்தானிய இராணுவ பாண்ட் வாத்திய ஆசிரியர், கென்னத் அல்போர்ட் என்ற புனைபெயரில் 1914இல் எழுதியது. ஆர்னல்ட் செய்தது வேறு. அந்தச் சீழ்க்கையோடு ஒரே நேரத்தில் ஒலித்தாலும் மோதிக்கொள்ளாத இன்னொரு அணிநடையைத் தானே எழுதி, நடந்து வரும் கைதிகளின் சீழ்க்கைக்கு மேலே அதைப் பவனி வரச் செய்தார். அது போக, காட்டுக்கும் கங்கைக்கும் மனிதர் மனதின் கலக்கத்துக்கும் அவர் எழுதிய மீதி இசையெல்லாம் வசனத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் அடியில் கிடந்தது.

1992இல் லண்டன் சிம்பொனி வாத்தியக் குழு, ரிச்சர்ட் ஹிக்கொக்ஸின் நடத்துகையில், ஷாண்டொஸ் நிறுவனத்துக்காக ஆர்னல்டின் திரையிசையை ஓர் இறுவட்டாக ஒலிப்பதிவு செய்தது. குவாய் படத்தின் இசையை மேடைக் கோர்வையாகத் தொகுத்துக் கொடுத்தவர் கிறிஸ்டோபர் பால்மர். படம் வந்து முப்பத்தைந்து வருடங்களின் பின்னர், வசனமும் வெடியும் இல்லாமல் அந்த இசையை அதன் முழு அகலத்திலும் கேட்க முடிந்தது.

இப்படி ஒரு பழைய படத்தின் இசையை, இன்றைய வாத்தியக் குழுவைக் கொண்டு முதலிலிருந்து மறுபடியும் வாசித்துப் பதிவு செய்வதைத்தான் 'மீள் ஒலிப்பதிவு' என்கிறார்கள். சும்மா பழைய நாடாவைத் துடைத்துச் சுத்தம் செய்வதல்ல இது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேற்குலகில் இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. அதன் பின்னே இருக்கும் உழைப்பையும் சிக்கலையும் அது எழுப்பும் கேள்விகளையும் பற்றிச் சற்று நோக்குவோம்.

திரையிசை என்றால் பாட்டு மட்டுமா?

எங்கட பக்கத்தில் 'படத்து மியூசிக்' என்றால் பாட்டுத்தான். இசைத்தட்டில் வந்ததும் வானொலியில் ஒலிபரப்பானதும் பாட்டுகளே. ஹொலிவூட்டில் நிலைமை வேறு. அங்கு பெரும்பாலான படங்களில் பாட்டே இருக்காது. ஆனால் படம் நெடுகிலும் எழுபது எண்பது நிமிடங்கள் வரைக்கும்கூட வாத்திய இசை ஓடிக்கொண்டிருக்கும். இதற்கென இசையமைப்பாளர் ஒவ்வொரு காட்சியாகப் பார்த்து, செக்கன் கணக்கில் அளந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவாக அல்லது ஓங்கி என்று கடதாசியில் எழுதுவார். இந்தக் கடதாசிக் கட்டுத்தான் 'ஸ்கோர்', அதாவது இசைப்பிரதி. புல்லாங்குழல்காரர் தொடங்கி முரசுக்காரர் வரை ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியை அதிலிருந்து பிரித்து எழுதிக் கொடுப்பதற்கென்றே பிரதியாளர்கள் இருந்தார்கள்.

1933இல் வெளிவந்த 'கிங் கொங்' இதற்கொரு திருப்புமுனை. வியன்னாவில் பிறந்து அமெரிக்கா சென்ற மெக்ஸ் ஸ்டைனர் அதற்கு இசையமைத்தார். பேசும் படம் வந்து சில வருடங்களே ஆன காலம் அது. கதைக்குள் ஒரு பாண்ட் குழுவோ வானொலியோ இல்லாதபோது பின்னால் இசை கேட்டால் 'இது எங்கிருந்து வருகிறது?' என்று பார்ப்பவர் கேட்க மாட்டாரா எனத் தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். ஸ்டைனரின் இசை அந்தத் தயக்கத்தைப் போக்கியது. வெறும் பொம்மையாகத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு குரங்கைப் பார்த்துச் சனம் பயந்ததற்கும், கடைசியில் அதற்காக இரங்கியதற்கும் அந்த இசையே பாதிக் காரணம் எனலாம்.

குப்பைக்குப் போன கடதாசிகள்

இவ்வளவு முக்கியமான பிரதிகள் எப்படித் தொலைந்தன? முதலாவது காரணம் உரிமை. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்த இசையமைப்பாளருக்குத் தான் எழுதிய இசைப்பிரதி சொந்தமில்லை. அது ஸ்டூடியோவின் சொத்து. மேசை, கதிரை, அலுமாரி போல அதுவும் ஒரு பொருள். 'படம் முடிஞ்சிது, இனி இந்தப் பேப்பருக்கு என்ன வேலை?' என்பதுதான் நிர்வாகத்தின் கணக்கு.

இதன் உச்சம் எம்.ஜி.எம். நிறுவனத்தில் நடந்தது. ஹொலிவூட்டின் மிகச் சிறந்த வாத்தியக் குழுக்களில் ஒன்றை வைத்திருந்த ஸ்டூடியோ அது. 'த விசர்ட் ஒஃப் ஒஸ்', 'சிங்கிங் இன் த ரெயின்' போன்ற படங்களெல்லாம் அங்கே உருவானவை. 1960களின் இறுதியில் நிறுவனம் நொடித்து, நிர்வாகம் கைமாறி, இடத்தையும் பொருட்களையும் விற்றுத் தீர்த்த காலத்தில், இசை நூலகத்திலிருந்த முழு இசைப்பிரதிகளும் வாத்தியப் பகுதிகளும் குப்பையாக அள்ளப்பட்டு நிலம் நிரப்பப் போயின. பல தசாப்தங்களின் உழைப்பு மண்ணுக்கடியில் போயிற்று. பிரித்தானிய ஸ்டூடியோக்களிலும் இடநெருக்கடி என்ற பெயரில் இதுவே நடந்தது.

தப்பியவை பெரும்பாலும் இருவகைக் கடதாசிகள். ஒன்று, 'பியானோ-கண்டக்டர்' எனப்படும் சுருக்கப் பிரதி. முழு வாத்தியக் குழுவின் இசையையும் மூன்று நான்கு வரிகளுக்குள் சுருக்கி, 'இங்கே குழல், இங்கே கொம்பு' என்று ஓரத்தில் குறித்து வைத்த பிரதி அது. பதிப்புரிமைத் தேவைக்காக இவை காப்பாற்றப்பட்டன. மற்றது, எந்த இசைத்துண்டு எத்தனை நிமிடம் எத்தனை செக்கன் ஒலிக்கிறது என்ற பட்டியல். ரோயல்டிப் பணம் பிரிப்பதற்கு அது வேண்டும். கலைக்காக யாரும் எதையும் காக்கவில்லை. காசுக்காகக் காத்தவைதான் பின்னர் கலைக்கு உதவின.

'அதுதான் படத்தில் ஒலி இருக்கிறதே, பிறகென்ன?' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எப்படி? அந்தக் காலத்தில் ஒலி, பிலிம் சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதியப்பட்டது. மனிதக் காது இருபதாயிரம் ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பழைய தியேட்டர்களிலோ சுமார் எட்டாயிரத்துக்கு மேலே எதுவும் சரியாகக் கேட்காது. வயலின்களின் மினுமினுப்பு, சிறு மணிகளின் ஒலி எல்லாம் அங்கேயே அடங்கிவிடும். அதற்கு மேல் வசனம், குதிரைக் குளம்பு, வாள்வீச்சு. கதாநாயகன் வாய் திறந்தால் இசையின் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். படத்தொகுப்பாளர் காட்சியை வெட்டும்போது இசையும் நடுவில் வெட்டுப்படும். ஆக, நாம் படத்தில் கேட்பது இசையமைப்பாளர் எழுதியதன் ஒரு நிழலை மாத்திரமே.

அகதிகளின் இசை

ஹொலிவூட்டின் 1930கள், 1940களின் இசையை எழுதியவர்களில் பலர் ஊர்விட்டுப் போனவர்கள் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஃபிரான்ஸ் வெக்ஸ்மன் 1934இல் பெர்லின் தெருவில் நாஸிக் காடையர்களால் தாக்கப்பட்டு, பாரிஸ் வழியாக அமெரிக்கா போனவர். (பிற்காலத்தில் இலங்கையில் படமாக்கப்பட்ட 'எலிஃபண்ட் வோக்' படத்துக்கு இசையமைத்தவரும் இவரே.) எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் வியன்னாவில் குழந்தை மேதையாகக் கொண்டாடப்பட்டவர். 1938இன் தொடக்கத்தில் 'ரொபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க ஹொலிவூட் சென்றிருந்தார். அவர் அங்கிருந்தபோதே மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படை ஒஸ்ட்ரியாவுக்குள் நுழைந்தது. யூதரான அவர் ஊரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரொபின் ஹூட்டே தன் உயிரைக் காத்தது என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. அந்த இசைக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

ஆனால் போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவரது இசை பழசாகிப் போயிருந்தது. 'இவர் படத்துக்கு எழுதுகிறவர்' என்று இசைக் கச்சேரி உலகம் அவரை ஒதுக்கியது. 1957இல், ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே அவர் காலமானார்.

பதினைந்து வருடங்கள் கழித்து, 1972இல், ஆர்.சி.ஏ. நிறுவனம் 'த சீ ஹோக்' என்ற பெயரில் கோர்ன்கோல்டின் திரையிசையை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டது. நடத்துநர் சாள்ஸ் கெர்ஹார்ட். தயாரிப்பாளர் இசையமைப்பாளரின் சொந்த மகன் ஜோர்ஜ் கோர்ன்கோல்ட். வாசித்தது லண்டனின் நஷனல் ஃபில்ஹார்மொனிக். பதிவு நடந்த இடம் லண்டன் கிங்ஸ்வே மண்டபம். மண்டபத்துக்கு அடியில் சுரங்க ரயில் ஓடும். அதன் உறுமல் பல பதிவுகளில் மெல்லக் கேட்கும் என்பது இசைத்தட்டுப் பிரியர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனாலும் அம்மண்டபத்தின் ஒலிவளத்துக்காகவே அங்கு போவார்கள்.

அந்தத் தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. அதைத் தொடர்ந்து ஸ்டைனர், வெக்ஸ்மன், பேர்னார்ட் ஹேர்மன், மிக்லொஸ் ரோஸா எனப் பத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் அதே வரிசையில் வந்தன. 'படத்து மியூசிக்தானே' என்று ஒதுக்கியவர்கள், படமின்றி அதைக் கேட்டபோதுதான் அதற்குள்ளிருந்த கட்டமைப்பை உணர்ந்தார்கள். கோர்ன்கோல்டின் ஒபேராக்களும் வயலின் கொன்செர்ட்டோவும் மறுபடி மேடையேறியதில் இந்தத் தட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு மீள் ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஆகப்பெரிய காரியம், ஒரு மனிதரின் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான்.

படத்திலேயே இல்லாத இசை

1974இல் எல்மர் பேர்ன்ஸ்டைன் என்ற இசையமைப்பாளர் தானே முன்வந்து ஒரு காரியம் செய்தார். தன் சக கலைஞர்களின் மறக்கப்பட்ட இசையை லண்டன் வாத்தியக் குழுக்களைக் கொண்டு பதிவு செய்து, சந்தாதாரர்களுக்குத் தபாலில் அனுப்பும் ஒரு திட்டம். சஞ்சிகை நடத்துகிறவர்களுக்கு இதன் முடிவு சொல்லாமலே விளங்கும். சந்தா போதவில்லை, 1979இல் நின்றுபோனது. ஆனால் அந்த ஐந்து வருடங்களில் அவர் விட்டுச் சென்றவை சாதாரணமானவை அல்ல. 1940இல் வந்த 'த தீஃப் ஒஃப் பக்தாத்' படத்துக்கு ரோஸா எழுதிய இசை அவற்றிலொன்று. (எம்.ஜி.ஆரின் 'பாக்தாத் திருடன்' அல்ல, சாபு நடித்தது.)

இன்னொன்று இதைவிட விசித்திரமானது. ஹிட்ச்கொக்கின் 'டோர்ன் கேர்ட்டன்' படத்துக்கு ஹேர்மன் இசை எழுதினார். 1966இல் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே ஹிட்ச்கொக்குக்குப் பிடிக்காமல் போய், முழுவதும் நிராகரிக்கப்பட்டது. வேறொருவர் இசையோடுதான் படம் வெளிவந்தது. 'சைக்கோ', 'வேர்ட்டிகோ' என்று இருவரும் சேர்ந்து உருவாக்கிய நட்பும் அத்துடன் முறிந்தது. அந்த நிராகரிக்கப்பட்ட இசையை பேர்ன்ஸ்டைன் 1977இல் தட்டாகக் கொண்டுவந்தார். ஹேர்மன் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். எந்தத் திரையரங்கிலும் ஒலித்திராத ஒரு திரைப்பட இசை இவ்வாறுதான் உலகத்துக்கு வந்தது.

காதால் எழுதுதல்

பிரதி இருந்தால் வேலை ஓரளவு சுலபம். அப்போதும் சில தொல்லைகள் இருக்கும். பதிவு அறையில் நின்றபடியே நடத்துநர் நான்கு சுரங்களை மாற்றியிருப்பார். எக்காளத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார். அது வாத்தியக்காரரின் தாளில் பென்சில் கோடாக இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். எனவே படத்தின் ஒலித்தடத்தையும் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பு நோக்க வேண்டும்.

பிரதியே இல்லாவிட்டால்? அப்போது காதுதான் துணை. பிரித்தானியாவில் ஃபிலிப் லேன் பல படங்களின் இசையைப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே எழுதி மீட்டவர். எம்.ஜி.எம். இசையை மீட்டவர் ஜோன் வில்சன். தப்பியிருந்த பியானோ-கண்டக்டர் பிரதிகளை ஒரு கையிலும் படத்தின் ஒலியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வருடக்கணக்காக உட்கார்ந்து முழுப் பிரதிகளை அவர் மறுபடி உருவாக்கினார். சுருக்கப் பிரதி மெட்டையும் சுரச் சேர்க்கையையும் சொல்லும். ஆனால் இரண்டாவது கிளாரினெட் எந்தச் சுரத்தைப் பிடித்தது, ஹார்ப் எங்கே நுழைந்தது என்பதையெல்லாம் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில செக்கன் இசைக்குப் பல மணித்தியாலம் போகும். 2009 ஆகஸ்ட் முதலாம் திகதி லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில், பிபிசி ப்ரொம்ஸ் விழாவில், அவரது குழு அந்த இசையை வாசித்தது. குப்பைமேட்டுக்குப் போனது கச்சேரி மேடைக்கு வந்தது.

அமெரிக்காவின் ஜோன் மோர்கனும் வில்லியம் ஸ்ட்ரொம்பெர்கும் இதே வேலையை ஒரு நீண்ட வரிசையாகச் செய்தார்கள். ஒருவர் பிரதியை மீட்டெடுப்பார், மற்றவர் நடத்துவார். மார்கோ போலோ நிறுவனத்துக்காக மொஸ்கோ சிம்பொனி வாத்தியக் குழுவோடு அவர்கள் செய்த 'கிங் கொங்' 1997இல் இறுவட்டாக வந்தது. பின்னர் 'ரொபின் ஹூட்'டும் வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. உ.வே. சாமிநாதையர் செல்லரித்த ஏடுகளை ஊரூராகத் தேடிச் சேர்த்து, பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லை ஊகித்தும் ஊகிக்காமல் விட்டும் பதிப்பித்தாரே, அதே தொழில்தான் இது. எமது அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளோடு மாரடிப்பவர்களுக்கும் இது விளங்கும். ஒரு வித்தியாசம் உண்டு. ஏட்டை வாசிப்பவருக்கு எழுத்து கண்முன்னே இருக்கிறது. இங்கோ எழுத்து போய்விட்டது. யாரோ ஒருமுறை உரத்து வாசித்ததன் மங்கலான ஒலி மட்டும் மிச்சம்.

ஏன் மொஸ்கோ, ஏன் ப்ராக்?

ஹொலிவூட் இசையை ரஷ்யர்களும் செக் நாட்டவரும் ஸ்கொட்லாந்தவரும் வாசிப்பானேன்? காரணம் பணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்காகப் பதிவான பழைய ஒலியை இசைத்தட்டாக வெளியிட்டால் அன்று வாசித்த அத்தனை பேருக்கும் மறுபடி கட்டணம் கொடுக்க வேண்டும். தொழிலாளி என்ற வகையில் அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் சில ஆயிரம் பிரதிகளே விற்கக்கூடிய ஒரு தட்டுக்கு அது கட்டுப்படியாகாது. லண்டனிலோ மொஸ்கோவிலோ புதிதாக வாசித்துப் பதிவு செய்வது அதைவிட மலிவு. சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் கிழக்கு ஐரோப்பாவின் தேர்ந்த வாத்தியக் குழுக்கள் வேலை தேடின என்பதும் சேர்ந்துகொண்டது.

இப்படித்தான் ப்ராக் நகர வாத்தியக் குழு, நிக் ரெய்னின் நடத்துகையில், டட்லோ நிறுவனத்துக்காகப் பெரும் படங்களின் இசையை முழுமையாகப் பதிவு செய்தது. முஸ்லிம் ஸ்பெயினைப் பின்னணியாகக் கொண்ட 'எல் சிட்' படத்துக்கு ரோஸா எழுதிய இசை 2008இல் வந்தது. மொரிஸ் ஜார் எழுதிய 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' 2010இல் வந்தது. (ஜார் என்றதும் எம்மில் பலருக்கு முஸ்தபா அக்காதின் 'த மெஸேஜ்' நினைவுக்கு வரும். அதற்கும் இசை அவர்தான்.) லோரன்ஸ் இசைக்கு டோனி பிரெம்னர் ஃபில்ஹார்மோனியா குழுவோடு 1989இல் செய்த இன்னொரு மீள் பதிவும் உண்டு. இரண்டையும் கேட்டால், ஒரே பிரதி இரண்டு நடத்துநர்களின் கையில் எப்படி இரண்டு பாலைவனங்களாகிறது என்பது புரியும்.

எது அசல்?

இனி, சிக்கலான கேள்விக்கு வருவோம். புதிய பதிவு தெளிவாக இருக்கிறது என்பதாலேயே அது சிறந்ததாகிவிடுமா?

1938இல் ஐசென்ஸ்டைன் இயக்கிய 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' படத்தை எடுத்துக்கொள்வோம். இசை புரொகோஃபியெவ். அதன் ஒலிப்பதிவு படுமோசம் என்பது எல்லாரும் ஒப்புக்கொள்வது. புரொகோஃபியெவ் அதே இசையிலிருந்து அடுத்த வருடம் ஒரு கச்சேரிப் படைப்பை உருவாக்கினார்; அது உலகப் புகழ்பெற்றது. 1987இல் வில்லியம் ப்ரோன் அதை அடிப்படையாகக் கொண்டு படம் முழுவதற்குமான இசைப்பிரதியை மீளமைத்தார். திரையில் படம் ஓட, கீழே குழு நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சிகள் அதன்பின் பரவின. யூரி தெமிர்கானொவ் சென்ட் பீற்றர்ஸ்பேர்க் குழுவோடு செய்த புதிய பதிவைப் படத்தோடு சேர்த்தும் வெளியிட்டார்கள். கேட்பதற்குப் பிரமாதம்.

ஆனால் ஒரு விடயம் இருக்கிறது. புரொகோஃபியெவ் மைக்ரஃபோனை ஒரு வாத்தியமாகவே பாவித்தவர். படையெடுத்து வரும் ஜேர்மன் வீரர்களின் எக்காளத்தை மைக்குக்கு மிக அருகில் ஊதச் சொன்னார். ஒலி உடைந்து, கரகரத்து, காதுக்கு ஒவ்வாத ஒன்றாக வர வேண்டுமென்பது அவரது விருப்பம். எதிரியின் ஒலி அருவருப்பாக இருக்கட்டும் என்று நினைத்தார். புதிய பதிவில் அதே எக்காளம் பொன் போல மின்னும்போது, திருத்தப்பட்டது பிழையா, கருத்தா? பழைய பதிவின் அத்தனை கரகரப்பும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் சிலது வேண்டுமென்றே செய்தது. இரண்டையும் பிரித்தறியாமல் துடைப்பவர் அழுக்கோடு எழுத்தையும் துடைத்துவிடுவார். ப்ரோனுக்குப் பின் ஃபிராங்க் ஸ்ட்ரோபல், பெரிதாக்கப்பட்ட கச்சேரி வடிவத்தை விட்டுவிட்டு, படத்துக்கென எழுதிய பிரதிக்கே திரும்பிச் சென்று இன்னொரு மீளமைப்பைச் செய்தது இந்தக் காரணத்தால்தான்.

மறுபக்கமும் உண்டு. 1958இல் 'வேர்ட்டிகோ'வுக்கு இசை பதிவாக வேண்டிய நேரத்தில் அமெரிக்க இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பதிவு லண்டனில் தொடங்கி, அங்கும் தடைப்பட்டு, வியன்னாவில் முடிந்தது. நடத்தியவர் மியூர் மதிசன். எழுதிய ஹேர்மன் அருகிலேயே இல்லை. ஆகவே படத்தில் நாம் கேட்பது அவர் வழிநடத்திய வாசிப்பல்ல. 1990களில் ஜோயல் மெக்னீலி ரோயல் ஸ்கொட்டிஷ் தேசிய வாத்தியக் குழுவோடு செய்த மீள் பதிவில், பிரதியில் இருந்து படத்தில் அமுங்கிப்போன பல நுணுக்கங்கள் முதன்முறையாகத் துலங்கின. இங்கே புதியதே எழுதியவருக்கு நெருக்கமானது எனலாம்.

எழுதியவரே மறுபடி நடத்தினாலும் பிரச்சினை தீராது. ஹேர்மன் தனது கடைசி வருடத்தில், 1975இல், 'சைக்கோ' இசையைத் தானே நடத்திப் பதிவு செய்தார். படத்தில் உள்ளதைவிட அது கணிசமான அளவு மெதுவானது. படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இழுபட்டதாகத் தோன்றும். அவருக்கோ, காட்சியின் அவசரம் இல்லாத இடத்தில் அந்த இசை அப்படித்தான் மூச்சுவிட்டது. எனவே 'அசல்' என்ற ஒன்றைத் தேடுவதைவிட, பிரதி, படத்தின் ஒலி, புதிய வாசிப்பு என்ற மூன்றையும் மூன்று சாட்சிகளாக வைத்துக்கொள்வதே சரியெனப்படுகிறது. ஒரு சாட்சி வந்ததற்காக மற்றதை வெளியே அனுப்பக் கூடாது.

முகலே ஆஸம் சொல்லும் பாடம்

சாட்சியை வெளியே அனுப்பிய ஒரு சந்தர்ப்பம் எமக்கு அருகிலேயே உண்டு. கே. ஆசிஃபின் 'முகலே ஆஸம்' 1960இல் வந்தது. 'அக்பர்' என்ற பெயரில் தமிழ்பேசியும் வந்தது. லக்னோவைச் சேர்ந்த நௌஷாத் அலியின் இசை. 2004 நவம்பரில் கறுப்பு வெள்ளைப் பகுதிகளுக்கு நிறமூட்டி மறுபடி வெளியிட்டபோது, ஒலியையும் ஆறுதட டொல்பிக்கு மாற்றினார்கள். எண்பத்தைந்து வயதை எட்டவிருந்த நௌஷாதின் மேற்பார்வையில், உத்தம் சிங் வாத்திய இசையைப் புதிதாகப் பதிவு செய்தார். லதா மங்கேஷ்கர், முஹம்மத் ரஃபி, படே குலாம் அலி கான் ஆகியோரின் குரல்கள் பழையனவாகவே வைக்கப்பட்டன.

செய்தவரே முன்னின்று செய்ததால் இதில் அத்துமீறல் இல்லை. புதிய தலைமுறை தியேட்டருக்கு வந்ததும் நல்ல விடயம்தான். ஆனால் லண்டன், மொஸ்கோப் பதிவுகளுக்கும் இதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. அங்கே மீள் பதிவு ஒரு தனி இறுவட்டு. படம் அதன் பழைய ஒலியோடு அப்படியே இருக்கிறது. இங்கே புதிய வாத்தியம் பழையதன் இடத்தில் அமர்கிறது. 1960இல் அந்த ஸ்டூடியோவில் ஷெனாயும் சிதாரும் ஸாரங்கியும் வாசித்த பெயர் தெரியாத கலைஞர்கள் பலர் அந்தப் பிரதியில் இல்லை. நல்ல வேளை, கறுப்பு வெள்ளைப் பிரதியும் கிடைக்கிறது. அது கிடைக்கும் வரைக்கும்தான் இந்தப் புதுப்பிப்பு ஒரு புதுப்பிப்பு.

எங்கட அலுமாரிகள்

1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிய காலத்தில், இந்தி பேசும் உலகம் முழுவதும் ரேடியோ சிலோன் பக்கம் காது கொடுத்தது நாமறிந்த வரலாறு. அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் இந்தியாவில்கூடக் கிடைக்காத பல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நூலகத்தில் இருக்கின்றன என்று இந்திய ரசிகர்களே சொல்வார்கள். அதாவது பாட்டுகள் தப்பின. தட்டில் ஏறியது தப்பியது.

தட்டில் ஏறாதது எது? பின்னணி இசை. தமிழ், இந்தி, சிங்களப் படங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு படத்தில் ஐந்தாறு பாட்டுகள் அரைமணி நேரம் என்றால், மீதி நேரத்தில் ஒலித்த இசை எங்கும் வெளியிடப்படவில்லை. ஹொலிவூட்டிலாவது எழுதி வைத்துப் பிறகு எறிந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வாயால் சொல்லி, ஹார்மோனியத்தில் காட்டி, கலைஞர்கள் தத்தம் கொப்பியில் ஸ-ரி-க எழுதிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கொப்பிகளே எமது 'பியானோ-கண்டக்டர்' பிரதிகள். சேலத்தில் பிறந்து இங்கு வந்து சிங்களத் திரைப்பாட்டின் பெருங்குரலாக விளங்கிய முஹைதீன் பேக்கின் குரலை நாம் வானொலியில் கேட்கிறோம். அக்குரலுக்குப் பின்னால் வயலினும் தபேலாவும் வாசித்தவர்களின் கொப்பிகள் எந்த வீட்டு அலுமாரியில், எந்த ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன?

கெர்ஹார்ட்டுகளும் வில்சன்களும் எமக்கு உடனே கிடைக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவும் கிடையாது. ஆனால் அவர்களது வேலையின் முதற்படிக்குப் பெரும்பணம் தேவையில்லை. பழைய இசைக்கலைஞர் ஒருவர் காலமானால், அவரது கொப்பிகளைப் பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துப் போடுமுன் ஒருமுறை படம்பிடித்து வைக்கலாம். உயிரோடிருப்பவர்களிடம், எந்தப் படத்துக்கு யாரெல்லாம் வாசித்தார்கள் என்று கேட்டு எழுதலாம். இசை பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆய்வுக்குத் தலைப்பில்லாமல் அலையும்போது, ஒரு பழைய படத்தின் பத்து நிமிடப் பின்னணி இசையைக் கேட்டுச் சுரப்படுத்தித் தருமாறு சொல்லலாம். பத்து நிமிடம் என்றால் சின்ன வேலை என்று நினைப்பார். ஒரு வருடம் போதாது என்று பிறகு தெரியும். அந்த ஒரு வருடத்தின் முடிவில் எழுதப்பட்ட தாள்கள் இருந்தால், இருபது வருடங்கள் கழித்தாவது யாரோ அதை வாசிப்பார்கள்.